ஒயின் தொழிலில் சங்கத்தின் வேலை என்ன?

ஓசூர், கிருஷ்ணகிரி கடைவீதிகளில் "ஒயின்ஸ்" என்று பலகை தொங்கிய காலம் நம் உறுப்பினர்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கடைகளில் பிராந்தி கிடைத்தது, விஸ்கி கிடைத்தது, ரம் கிடைத்தது. பலகையில் எழுதியிருந்த ஒயினைக் கேட்டு வாங்கியவர்தான் அபூர்வம். மதுபான மொத்த விற்பனை 1983 முதலே அரசின் டாஸ்மாக் நிறுவனத்திடம் இருந்தது. 2003 நவம்பர் 29 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போயிற்று. ஆகவே தமிழ்நாட்டு மளிகை வணிகருக்கும் ஒயினுக்கும் இன்று கொடுக்கல் வாங்கல் கிடையாது.

அப்படியிருக்க, ஒயின் உற்பத்தியாளர் சங்கத்தைப் பற்றி வணிகர் இதழில் எதற்கு எழுத வேண்டும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. குடிப்பழக்கத்துக்குப் பரிந்து எழுதுவதல்ல நம் நோக்கம். விளைவிப்பவர், பதப்படுத்துபவர், விற்பவர் என்று மூன்று கை மாறும் ஒரு பழச் சரக்கில் சங்கம் எங்கே பயன்பட்டது, எங்கே கைவிட்டது என்று பார்க்க ஒயின் தொழில் நல்ல உதாரணம். நம் மாவட்டத்து மாங்கூழ் தொழிலும் அதே தடத்தில்தான் நடக்கிறது. அதில் நம் மண்டிக்காரர்களின் பணமும் கிடக்கிறது.

நம் மண்ணில் தொடங்கிய கணக்கு

சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது சேலம் மாவட்டத்தில், 1937 அக்டோபர் 1 அன்று. அன்றைய சேலம் மாவட்டத்தில் ஓசூரும் கிருஷ்ணகிரியும் அடக்கம். மாகாண அரசின் தலைமைப் பொறுப்பில் இருந்த ராஜாஜியே ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர். கலால் வருமானம் நின்று போனால் கஜானாவுக்கு வழி என்ன? அதற்கு விடையாக 1939-ல் வந்தது சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். இந்தியாவிலேயே முதல் பொது விற்பனை வரி அதுதான். கள்ளுக்கடை கட்டி வந்த பணத்தை மளிகைக் கடையும் ஜவுளிக் கடையும் வசூலித்துக் கட்ட வேண்டியதாயிற்று என்று சொன்னால் மிகையல்ல. நாம் இன்று எழுதும் விற்பனைப் பதிவேட்டின் பூர்வீகம் இந்த மாவட்டத்து மதுவிலக்கில் இருக்கிறது.

2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோது ஜூஜுவாடியிலும் அத்திப்பள்ளியிலும் லாரிகள் விற்பனை வரிச் சோதனைக்காகக் காத்துக் கிடந்த வேதனை முடிந்தது. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் போட்டால் பெங்களூருக்கோ பெல்லாரிக்கோ போகலாம். ஆனால் குடிப்பதற்கான மதுபானத்தை மட்டும் அரசியல் சட்டத் திருத்தமே ஜி.எஸ்.டி.க்கு வெளியே வைத்துவிட்டது. ஆகவே ஒயின் இன்னமும் பழைய உலகத்தில்தான் இருக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் தனி லேபிள் பதிவு, தனி கலால், தனி பெர்மிட். நாசிக்கில் அடைத்த பாட்டில் பெங்களூருக்கு வருவதற்குள் படுகிற பாடு, ஒரு காலத்தில் நம் புளி மூட்டையும் மிளகாய் மூட்டையும் பட்ட பாடுதான்.

இப்படி ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு சட்டம் இருக்கும் தொழிலில் தனி ஆள் எதுவும் செய்ய இயலாது. ஒயின்காரர்களைச் சங்கம் சேர வைத்த முதல் காரணம் இது. இரண்டாவது காரணம் சரக்கிலேயே இருக்கிறது.

ஒயின் திராட்சை என்னும் சரக்கு

நம் பழக்கடைகளில் விற்கும் விதையில்லாத் திராட்சை வேறு, ஒயினுக்கான திராட்சை வேறு. ஒயின் ரகங்களின் காய் சிறியது, தோல் தடித்தது, விதை உள்ளது. தட்டில் வைத்து யாரும் விரும்பித் தின்ன மாட்டார்கள். எல்லைக்கு அப்பால் பெங்களூர் ஊரகம், சிக்கபள்ளாப்பூர், கோலார் பக்கம் பரவலாக விளையும் "பெங்களூர் நீலம்" இடைப்பட்ட ரகம். சாப்பிடலாம், ஜூஸ் போடலாம், இனிப்பான போர்ட் வகை ஒயினும் செய்யலாம். நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை பெரும்பாலும் சாப்பிடவே போகிறது. அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

சாப்பிடும் திராட்சை விளைவித்தவருக்கு ஒரு வியாபாரி விலை குறைத்தால் அடுத்த வியாபாரி இருக்கிறார், அடுத்த ஊர்ச் சந்தை இருக்கிறது. ஒயின் ரகம் நட்டவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. கொடி வைத்து முழு மகசூலுக்கு மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். பறிப்பது ஆண்டுக்கு ஒரு முறை. பழுத்தபின் சில நாட்களுக்குள் ஆலைக்குப் போயாக வேண்டும். ஆலை "வேண்டாம்" என்றால் அந்த ஆண்டு முதல் போயிற்று.

ஆலைக்காரரின் கஷ்டமும் சிறிதல்ல. 750 மில்லி பாட்டில் ஒன்றுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் பழம் தேவை. ஆண்டு முழுவதுக்குமான பழத்தை இரண்டு மூன்று மாதத்தில் வாங்கிப் பிழிந்து, தொட்டியில் இட்டு, மாதக்கணக்கில், சில ரகங்களுக்கு ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். அத்தனை நாளும் வட்டி ஓடும். நம் வியாபாரத்தில் இதற்கு நெருங்கிய உதாரணம், அறுவடைக் காலத்தில் புளியை வாங்கிக் குளிர்பதனக் கிடங்கில் போட்டு வைப்பவர்தான். அவருக்கும் விலை இறங்கினால் தூக்கம் போய்விடும்.

நாசிக் பாடம்

மகாராஷ்டிரத்தில் திராட்சை விவசாயிகளின் சங்கம் (மகாராஷ்டிர ராஜ்ய திராட்ச பாகாயத்தார் சங்கம்) 1960-ல் ஏற்பட்டது. இது மனு கொடுப்பதோடு நிற்கும் சங்கம் அல்ல. கவாத்து எப்போது, மருந்து எவ்வளவு என்று தோட்டத்துக்குச் சொல்லிக் கொடுத்தது. தோட்டத்துக்கு வேண்டிய இடுபொருள்களை மொத்தமாகத் தருவித்து உறுப்பினர்களுக்குக் கொடுத்தது. நாசிக், சாங்லி, சோலாப்பூர், புனே என்று பகுதிவாரியாகக் கிளை வைத்தது. சாப்பிடும் திராட்சை அங்கிருந்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் அளவுக்கு வளர்ந்ததில் இந்த அமைப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒயின் வந்தது பிறகு. 2001-ல் மகாராஷ்டிர அரசு திராட்சை பதப்படுத்தும் கொள்கையை அறிவித்தது. கலால் விலக்கு, எளிய உரிமம், நாசிக் மாவட்டம் விஞ்சூரிலும் சாங்லி மாவட்டம் பலூஸிலும் ஒயின் பூங்கா என்று சலுகைகள் குவிந்தன. ஒயின் ஆலைகள் வேகமாகப் பெருகின. ஆலைக்காரர்கள் தங்களுக்கென்று அகில இந்திய ஒயின் உற்பத்தியாளர் சங்கத்தை வைத்துக் கொண்டார்கள். மத்திய அரசும் 2009-ல் புனேயைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியத் திராட்சை பதப்படுத்தும் வாரியத்தை ஏற்படுத்தியது.

ஆலைக்காரர்களுக்குச் சாதகமாக வந்தவை சாமானியமானவை அல்ல. உள்ளூர்த் திராட்சையில் செய்த ஒயினுக்கு வசூலாகும் 20 சதவீத வாட் வரியில் 16 சதவீதத்தை ஆலைக்கே திருப்பித் தரும் திட்டம் வந்தது. அது இடையில் நின்றும் போயிற்று, பிறகு மீண்டும் உயிர் பெற்றது. "நாசிக் பள்ளத்தாக்கு ஒயின்" என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை வேறு ஊர்க்காரர் பாட்டிலில் ஒட்ட முடியாது. ஆஸ்திரேலியாவுடன் செய்து 2022 டிசம்பர் 29-ல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தில், 5 டாலருக்குக் குறைந்த விலைப் பாட்டிலுக்கு இறக்குமதி வரிச் சலுகை கிடையாது என்று வரம்பு வைக்கப்பட்டது. மலிவுச் சரக்கு வந்து குவிந்தால் உள்ளூர் ஆலை நிற்காது என்ற கவலைக்கு அது ஒரு தடுப்பு.

இவ்வளவு இருந்தும் ஒன்று இல்லாமல் போயிற்று. எவ்வளவு பழம் தேவை, யார் வாங்குவது, விற்காவிட்டால் நஷ்டம் யாருக்கு என்று விவசாயிக்கும் ஆலைக்கும் நடுவே பொதுவான, உறுதியான எழுத்து இல்லை. சலுகையைக் கண்டு ஆலைகள் பெருகின, ஆலையைக் கண்டு தோட்டங்கள் பெருகின, குடிப்பவர் அந்த வேகத்தில் பெருகவில்லை. 2008-ல் உலகப் பொருளாதாரச் சரிவு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் மும்பைத் தாக்குதல் நடந்து ஓட்டல்கள் வெறிச்சோடின. தொட்டிகளில் ஒயின் தேங்கியது. அன்றைய பெரிய நிறுவனங்களில் ஒன்றான ஷாட்டோ இண்டேஜ் கடனில் மூழ்கி முடங்கியது. வாங்க ஆளில்லாமல் ஒயின் ரகக் கொடிகளை வேரோடு பிடுங்கிப்போட்ட விவசாயிகள் பலர். சாப்பிடும் திராட்சைக்கு மாறியவர்கள் ஓரளவு தப்பித்தார்கள்.

சலுகை வாங்கித் தருவது சங்கத்தின் வேலையில் எளிதான பாதி என்பதே நம் கருத்து. வெளியே அரசோடு பேசும்போது எல்லா உறுப்பினரும் ஒரே கட்சி. உள்ளே ஒருவர் வரவு இன்னொருவர் செலவாக இருக்கும் விலைப் பேச்சு வரும்போதுதான் சங்கத்தின் பலம் தெரியும். ஆலைக்காரர் சங்கம் தனி, விவசாயி சங்கம் தனி என்று இருந்தால் அந்தப் பேச்சு நடக்க இடமே இல்லை.

கலவரத்துக்குப் பின் வந்த ஒரு குழு

அந்த இடத்தை ஏற்படுத்திக் கொண்டவர்கள் பிரான்சு நாட்டின் ஷாம்பேன் பகுதியினர். 1911-ல் அங்கே விவசாயிகள் கொதித்தெழுந்து வியாபாரிகளின் கிடங்குகளை அடித்து நொறுக்கினார்கள். விளைச்சல் பொய்த்த காலத்திலும் தங்கள் பழத்தை வாங்காமல், வெளியூர்ப் பழத்தைக் கொண்டு வந்து ஷாம்பேன் என்று விற்கிறார்கள் என்பதே அவர்கள் புகார். பட்டாளம் வந்துதான் அடங்கியது. அதற்கு முப்பது ஆண்டு கழித்து, 1941-ல், விவசாயிகளும் வணிக நிறுவனங்களும் சேர்ந்த கூட்டுக் குழு ஒன்று ஏற்பட்டது. இன்றும் நடக்கிறது.

அந்தக் குழுவுக்கு இரண்டு தலைவர்கள். ஒருவர் விவசாயிகள் தரப்பு, மற்றவர் நிறுவனங்கள் தரப்பு. ஒவ்வோர் ஆண்டும் அறுவடைக்கு முன்பே, ஹெக்டேருக்கு இத்தனை கிலோவுக்கு மேல் பறித்து ஷாம்பேன் என்று கணக்கில் காட்டக் கூடாது என்று இரு தரப்பும் பேசி வரம்பு வைக்கிறார்கள். கொரோனா ஆண்டான 2020-ல் விற்பனை விழுந்தபோது நிறுவனங்கள் வரம்பைக் குறைக்கச் சொன்னார்கள், விவசாயிகள் கூட்டச் சொன்னார்கள். இழுபறிக்குப் பின் 8,000 கிலோ என்று முடிந்தது. நல்ல ஆண்டில் மிகுவதில் ஒரு பகுதியைச் சேமிப்பு ஒயினாக வைத்து, பனியோ ஆலங்கட்டியோ அடித்த ஆண்டில் வெளியே எடுக்கும் ஏற்பாடும் உண்டு. அவர்களுக்குள் சண்டை இல்லாமல் இல்லை. ஆனால் சண்டை அறுவடைக்கு முன்பே, மேசை மேல், எண்ணை வைத்து நடக்கிறது.

எல்லைக்கு அந்தப் பக்கம்

நமக்குக் கிட்டத்தில் இருப்பது கர்நாடகம். நந்தி மலை அடிவாரத்தில் குரோவர் குடும்பத்தார் 1988-ல் பிரெஞ்சு ரகங்களை நட்டு, 1992-ல் முதல் ஒயினை வெளியிட்டார்கள். ஓசூரிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவுதான். 2007-ல் கர்நாடக அரசு ஒயின் கொள்கை வகுத்து, அதை நடத்த ஒயின் வாரியம் ஒன்றை அமைத்தது. நந்திப் பள்ளத்தாக்கு, கிருஷ்ணா பள்ளத்தாக்கு என்று விளைச்சல் பகுதிகள் வகுக்கப்பட்டன. ஒயின் மட்டும் விற்கும் கடைக்கும், ஒயின் மட்டும் பரிமாறும் விடுதிக்கும் தனி உரிமம் வந்தது. வாரியம் பெங்களூரில் ஒயின் விழாக்களும் நடத்தியது.

வாரியம் வேறு, சங்கம் வேறு என்பதை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். வாரியம் அரசின் கை. அதிகாரி மாறினால் வேகம் மாறும். பயிற்சி, விழா, மானியம் ஆகியவற்றுக்கு அது ஏற்றது. உறுப்பினரின் நிலுவையை வசூலித்துத் தருவதோ, தரம் குறைந்த சரக்கை அனுப்பிய உறுப்பினரைக் கூப்பிட்டுக் கேட்பதோ வாரியத்தால் ஆகாது. அது சந்தா கட்டும் சங்கத்தின் வேலை.

நம்மூர் மாங்காய்க்கு வருவோம்

கிருஷ்ணகிரி, பர்கூர், போச்சம்பள்ளி பக்கம் விளையும் பெங்களூரா மாங்காயை (சிலர் கிளிமூக்கு என்றும் தோத்தாபுரி என்றும் சொல்வர்) ஒயின் திராட்சையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பகுதி கூழ் ஆலைக்குப் போவது. சாப்பிடும் சந்தையில் அல்போன்சாவுக்கும் செந்தூராவுக்கும் உள்ள மதிப்பு இதற்கு இல்லை. பழுத்தால் நிற்காது. ஆலை கதவைச் சாத்தினால் வண்டியோடு நிற்க வேண்டியதுதான்.

2025 ஜூனில் இது வெட்டவெளிச்சமாயிற்று. பெங்களூரா விலை மூன்று மாநிலத்திலும் சரிந்தது. ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று நிர்ணயித்து, அதில் 8 ரூபாயை ஆலையும் 4 ரூபாயை அரசும் தர வேண்டும் என்றது. கர்நாடகத்து மாங்காய் உள்ளே வரக் கூடாது என்று சித்தூர் மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. கர்நாடக முதல்வர் சித்தராமையா ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு அது போயிற்று. மத்திய அரசு கர்நாடக விவசாயிகளுக்காகக் குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் என்ற விலையில் சந்தைத் தலையீட்டுத் திட்டத்தை அனுமதித்தது. இதெல்லாம் மாங்காய் மரத்திலிருந்து இறங்கிய பிறகு நடந்த பேச்சு.

மூன்று மாநிலம் சந்திக்கும் இந்தப் பகுதியில் மாங்கூழ் ஆலைக்காரர்களுக்குக் கூட்டமைப்பு இருக்கிறது, விவசாயிகளுக்குச் சங்கங்கள் இருக்கின்றன, மண்டி வணிகர்களுக்குச் சங்கம் இருக்கிறது. மூவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். முந்தைய ஆண்டுக் கூழ் எத்தனை டிரம் கிடங்கில் மிச்சம், இந்த ஆண்டு ஏற்றுமதி ஆர்டர் எவ்வளவு, ஆலை எத்தனை டன் எடுக்கும் என்று ஆலைக்காரர் சொல்ல வேண்டும். பூ எப்படி, பிஞ்சு எப்படி என்று விவசாயி சொல்ல வேண்டும். முன்பணம் எவ்வளவு போயிருக்கிறது, பட்டுவாடா எத்தனை நாளில் என்று மண்டிக்காரர் சொல்ல வேண்டும். ஆலைக்காரர் மிச்சக் கணக்கைச் சொல்லத் தயங்குவார், ஏனெனில் அது அவருடைய விலைப் பேச்சின் துருப்பு. அந்தத் தயக்கத்தைப் போக்க ஒரு வழி உண்டு. தனித்தனி ஆலையின் கணக்கைக் கேட்காமல், எல்லோருடையதையும் பொதுவான ஒருவரிடம் மூடிய உறையில் வாங்கி, மொத்தத்தை மட்டும் அறிவிக்கலாம்.

பேச்சு நடக்க வேண்டிய காலம் மரம் பூத்து முடியும் பிப்ரவரி, மார்ச். எழுத வேண்டியவை அதிகமில்லை: அடிப்படை விலை, தரக்கழிவு எப்படிப் போடுவது, எடை எங்கே, பட்டுவாடா நாள், ஆலை எடுக்க முடியாவிட்டால் எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்பவை. இதில் தரக்கழிவுதான் அதிகச் சண்டை வளர்க்கும் இடம். ஒயின் ஆலைகள் சாற்றின் இனிப்பை ஒரு சிறு கருவியில் "பிரிக்ஸ்" கணக்கில் அளந்து தரத்தைச் சொல்கின்றன. மாங்கூழிலும் அதே அளவுதான் நடக்கிறது. மண்டியிலும் ஒரு கருவி வைத்து, விவசாயி கண் முன்னே அளந்தால் "பழம் சப்பை" என்று வாய்ச்சொல்லில் கழிவு போடும் வழக்கம் குறையும்.

மளிகைக் கடைக்கு என்ன?

மகாராஷ்டிர அமைச்சரவை 2022 ஜனவரியில், 100 சதுர மீட்டருக்குக் குறையாத சூப்பர் மார்க்கெட்டுகளில் தனி அலமாரி வைத்து ஒயின் விற்கலாம் என்று முடிவெடுத்தது. விவசாயிக்கு நல்லது என்று அரசு சொன்னது. எதிர்க்கட்சிகள் சீறின, அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் இருப்பேன் என்றார், மக்கள் கருத்தைக் கேட்போம் என்று அரசு பின்வாங்கியது. ஜூனில் ஆட்சியே மாறியது. அந்த அலமாரி வரவில்லை. அரிசி வாங்க வரும் தாய்மாரும் மிட்டாய் வாங்க வரும் பிள்ளைகளும் நிற்கும் கடையில் பாட்டில் அடுக்குவது சரியல்ல என்பது நம் எண்ணம். லாபக் கணக்குக்கு அப்பாற்பட்ட விஷயம் இது.

நம் எல்லைக் கடைகள் கவனிக்க வேண்டியது வேறு. அத்திப்பள்ளியில் சட்டப்படி விற்கும் பாட்டில், ஜூஜுவாடி தாண்டினால் 1937-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் வழக்காகிவிடும். தெரிந்த வாடிக்கையாளர் கேட்டார் என்று சரக்கு வண்டியில் ஒன்றிரண்டு போட்டு வருவது வண்டியையே இழக்கச் செய்யும். கிறிஸ்துமஸ் சமயத்தில் "வீட்டு ஒயின்" என்று கேக்கோடு சேர்த்து விற்கக் கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்.

ஆல்கஹால் இல்லாத திராட்சைப் பானங்கள் இப்போது ஒயின் பாட்டில் வடிவிலேயே வருகின்றன. இவற்றை விற்கத் தடையில்லை, ஆனால் லேபிளைப் படித்து வாங்க வேண்டும். 2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள உணவுப் பாதுகாப்பு விதிப்படி ஆல்கஹால் 0.5 சதவீதத்தைத் தாண்டினால் அது மதுபானம். மதுபானமானால் குடி உடல்நலத்துக்குக் கேடு என்ற எச்சரிக்கையும் லேபிளில் இருக்க வேண்டும். 14 இலக்க உரிம எண், சதவீதம், தயாரித்தவர் முகவரி மூன்றும் தெளிவாக இல்லாத பாட்டிலை ஏஜெண்டிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். வினிகரிலும் இதே கவனம் வேண்டும். பழச்சாற்றைப் புளிக்க வைத்து எடுப்பது ஒன்று, அசிட்டிக் அமிலத்தில் தண்ணீர் கலப்பது மற்றொன்று. இரண்டாவதற்கு "சிந்தெடிக்" என்று லேபிளிலேயே எழுதியிருக்க வேண்டும். ஊறுகாய் போடுபவர்கள் கேட்டு வாங்கும்போது எது என்று சொல்லிக் கொடுங்கள், இரண்டுக்கும் விலை வித்தியாசம் நிறையவே உண்டு.